தூக்கணாங்குருவி தரும் சாட்சி

தேவாரம் மலையடிவாரத் தோட்டங்களில் தூக்கணாங்குருவிக் கூட்டைக் கண்டு வியவாதார் யார்? ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து காத்திருக்கும். பேடு ஏற்றபின் முழுமையாக்கும். பேடு அடைகாக்கத் தொடங்கியதும், அடுத்த கூடு முடைந்து வேறொரு பேட்டை அழைக்கும். குஞ்சு பேணும் பாரம் பெரிதும் தாய்க்கே. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1930-இல் மகாராஷ்டிரக் கடலோரக் கிஹிமில் இதனை ஆராய்ந்து தெளிந்தார். இணைபிரியாதவை என நாம் எண்ணிய பாடும் பறவைகள் பலவற்றின் கூடுகளிலும் அயல் ஆணின் குஞ்சுகள் உண்டென்பதைப் பின்னாளைய மரபணுச் சோதனைகள் காட்டின.

இது துரோகமா? வாக்களித்தவரே வாக்கு முறிக்க இயலும். குருவி எவருக்கும் வாக்களிக்கவில்லை; எனவே அது குற்றவாளியுமன்று, நம் குற்றத்துக்குச் சாட்சியுமன்று. “இயற்கையே இப்படித்தான்” என்று மனைவி மக்களைக் கைவிடுவோன், நிக்காஹ் சபையில் தன் வாயால் ஒப்புக்கொண்டதை மறக்கிறான். பிள்ளைகள் அமானிதம். அவர்களின் பசிக்குக் குருவியைக் காட்டிப் பதில் சொல்ல முடியுமா?