காணியை விற்கலாம், அயலை விற்கலாமா?

ஓர் ஊர் எவருக்குச் சொந்தம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மன்னார்த் தீவினராகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. 1990 ஒக்டோபரில் நம் அயலூரான எருக்கலம்பிட்டியின் முஸ்லிம் மக்கள், வடபகுதி முஸ்லிம்கள் எல்லாரையும் போல, விடுதலைப் புலிகளின் உத்தரவால் வெளியேற்றப்பட்டனர். பலர் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். 2009இல் போர் ஓய்ந்தபின் திரும்பியோரும் உளர், திரும்பாதோரும் உளர். துவக்கு முனையில் நடந்த அதனை அநீதி என்று அறிய நீண்ட சிந்தனை வேண்டியதில்லை.

ஆனால் துவக்கு இல்லாமலும் ஓர் ஊர் வெறுமையாகலாம். காலிக் கோட்டையைப் பாருங்கள். ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய அம்மதிலுக்குள் முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. அதன் பழமையை விரும்பி எழுத்தாளரும் கலைஞரும் வந்தனர், பணமும் வந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வரும் வாங்கிய வீடுகள் பல, தங்குவிடுதிகளும் கடைகளும் ஆயின. மதில் காக்கப்பட்டது, பள்ளிவாசலும் நிற்கிறது. அதைச் சூழ வாழ்ந்த குடும்பங்கள் பல போய்விட்டன. இலண்டனிலும் தொழிலாளர் தெருக்கள் இப்படியே வசதி படைத்தோர் கைக்கு மாறுவதை ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1964இலேயே எழுதினார்.

இங்கே குற்றவாளி யார்? விற்றவருக்கு மகளின் கலியாணமோ மகனின் படிப்போ இருந்திருக்கும். வாங்கியவர் கேட்ட விலையைக் கொடுத்தார். உறுதியில் பிழையில்லை. ஆயினும் அயல் அழிந்தது.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் நீதியாகிவிடாது. தனிச்சொத்து எவருக்கும் நிபந்தனையற்ற உரிமையன்று என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். முட்டுப்பட்டு விற்கும் ஏழையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பாரம் வாங்குபவர் மேலேயே கூடுதல். அவரிடமே காத்திருக்கவும் வேறு வழி தேடவும் வசதி உண்டு. அவர் விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவரை எழுப்பாது விடலாம்.

வாங்குபவர் எப்போதும் அந்நியர் என்று எண்ணாதீர்கள். வெளிநாட்டில் உழைக்கும் நம் சொந்தப் பிள்ளைகளும் காணி தேடுகிறார்கள். அவர்கள் விலை விசாரிக்கும்போது நாம் இன்னொன்றையும் விசாரிப்போம்: இந்த வளவு கைமாறினால், நாளை பக்கத்து வீட்டில் விளக்கேற்ற யார் இருப்பார்?