ஆறாவது இட்லி

மதுரையில் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு தெருவோர இட்லிக் கடையில் நின்று பாருங்கள். தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, துணியை உரிக்கிறார் கடைக்கார அக்கா. ஆவி பறக்க இலையில் விழுகிற முதல் இட்லி போன இடம் தெரியாது. மூன்றாவதில்தான் சட்னியின் ருசி பிடிபடும். ஐந்தாவதில் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு வரும். "இன்னொன்னு வைக்கவா தம்பி?" என்று அக்கா கேட்க, ஒரு நொடி யோசிக்கிறோமே, அதற்குப் பிளஸ் ஒன் பொருளியலில் வாய் கொள்ளாத பெயர்: குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி.

ஜெர்மன்காரர் கோசன் 1854-லேயே இதைப் புத்தகமாக எழுதினார். வாங்க ஆளில்லை. விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1858-ல் போய்ச் சேர்ந்தார். ஜெவன்ஸ், மெங்கர் என்ற இரு பொருளியலாளர்கள் 1871-ல் தனித்தனியே அதே இடத்துக்கு வந்த பிறகுதான் இந்த எண்ணத்துக்கு மவுசு வந்தது.

எனக்கு இதில் வேடிக்கை சட்னிதான். ஒரே இலை, ஒரே வயிறு. ஆனால் இட்லிக்கு எண்ணிக் காசு, சட்னிக்குக் காசில்லை. இட்லி 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவதுக்கு வயிற்றில் இடமில்லாமல் இல்லை. பத்து ரூபாய்க்குப் பெறாது, அவ்வளவுதான். கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்போதே கையை இழுத்துக்கொள்கிறோம். சட்னியையோ நாக்கு சலிக்கும்வரை, சலித்த பிறகும் ஒரு கரண்டி, வாங்குகிறோம். இலையை மடிக்கும்போது பாருங்கள்: இட்லித் துணுக்குகூட இருக்காது, வெள்ளை, சிவப்பு, பச்சையாகச் சட்னி தேங்கியிருக்கும். ஓட்டலில் அளவுச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் உள்ள சங்கதியும் இதேதான்.

மிச்சம் பிடித்த பத்து ரூபாய் பையில் தங்குமா என்றால், அதுவும் இல்லை. நாலு எட்டு வைத்தால் பருத்திப் பால் வண்டி. கருப்பட்டியும் சுக்கும் மணக்கிற முதல் டம்ளருக்கு முன்னால் ஆறாவது இட்லி எம்மாத்திரம்? எந்தச் செலவின் கடைசி ரூபாயும் ஒரே அளவு திருப்தி தருகிற மாதிரி காசைப் பிரித்துக்கொள்வோம் என்று கோசன் இதையும் எழுதி வைத்திருக்கிறார்.

அக்கா கோசனைப் படித்ததில்லை. ஆனாலும் நேரமாக ஆகச் சட்னியில் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது.