பாரணையும் விரதத்தில் சேர்ந்ததே

விரதம் இருப்பவர் உணவை விடுவதற்கு நாள் குறிக்கிறார். மறுபடி உண்பதற்கும், அதாவது பாரணைக்கும், நாள் குறிக்கிறார். உடம்பைச் சட்டென்று இளைக்க வைக்கப் பட்டினி கிடப்பவரிடம் தொடங்கும் நாள் மட்டுமே உண்டு. இன்னும் இரண்டு கிலோ, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கிலோ என்று முடிவு தள்ளிப்போகிறது. ஒருநாள் உடல் தாங்காமல் சோற்றில் கை வைத்தால், அதுவே தோல்வியாகவும் குற்றமாகவும் மனத்தை அரிக்கிறது. பட்டினியிலிருந்து சோற்றுக்குத் திரும்புவது வீழ்ச்சிதானா? சமயங்கள் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்த கேள்வி இது. தமிழ்ச் சைவத்தில் இதற்கு மிகத் தெளிவான விடையைக் கதைகளாகத் தந்தவர் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார்.

அருண்மொழித்தேவர் என்ற இயற்பெயரும் உத்தமசோழப் பல்லவர் என்ற பட்டமும் கொண்ட அவர், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தார். சொந்த ஊரில் திருநாகேச்சரம் கோயிலை எழுப்பினார். அவருடைய பெரியபுராணத்து அடியார்கள் மென்மையானவர்கள் அல்லர். கண்ணைத் தோண்டி அப்பியவரும், சந்தனக் கட்டைக்குப் பதிலாக முழங்கையைக் கல்லில் தேய்த்தவரும் அதில் உண்டு. உடலை ஒரு பொருட்டாக மதிக்காத இந்தக் கூட்டத்தில் ஒருவருக்குப் பசி வந்தால் என்ன ஆகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போகிறார். வழியில் பசியும் தாகமும் வாட்டுகின்றன. சிவபெருமான் அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருக்கிறார். அங்கே ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி வைத்திருக்கிறார். சோற்றை உண்டு, தண்ணீர் குடித்து, இளைப்பாறிவிட்டு வரச் சொல்கிறார். நாவுக்கரசர் மறுக்கவில்லை. முன்பு தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாகக் கடும் நெறியில் வாழ்ந்தவர் அவர். கொடுத்ததை வாங்கி உண்டார். கூடவே நடந்து வந்த அந்தணர் திருப்பைஞ்ஞீலியை நெருங்கியதும் மறைந்துபோனார்.

இன்னொரு கதை தாம்பரத்துக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த திருக்கச்சூரில் நடக்கிறது. சுந்தரர் கோயிலை வணங்கிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். உச்சிவேளை, சாப்பாடு கொண்டுவர வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. முதிய வேதியர் ஒருவர் வந்து முகவாட்டத்தைப் பார்த்து, சோறு இரந்து வருகிறேன், இங்கேயே இரும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். வெயிலில் வீடு வீடாகத் திருவோடு ஏந்திச் சோறும் கறியும் வாங்கி வந்து சுந்தரருக்கும் உடன் வந்தவர்களுக்கும் தருகிறார். எல்லாரும் உண்கிறார்கள். பசித்தவர் ஒருவருக்காகக் கடவுளே பிச்சை எடுத்தார் என்று எழுதுவது சாதாரணமான துணிவு அல்ல. பசியைத் தாங்கிக்கொள், அது உன்னைத் தூய்மையாக்கும் என்று அந்தக் கடவுள் சொல்லவில்லை.

அரிவாட்டாயர் கதை இன்னும் நெருக்கமானது. வறுமையில் செந்நெல்லை இறைவனுக்கு வைத்துவிட்டுத் தாம் கார்நெல்லையும் பின்னர் வெறும் கீரையையும் தின்று தளர்ந்தவர் அவர். படையல் நிலவெடிப்பில் சிந்தியபோது அரிவாளைக் கழுத்தில் வைத்தார். அந்த வெடிப்பிலிருந்து எழுந்த கை அவரைத் தடுத்தது. சேக்கிழார் அன்பைப் போற்றுகிறார். அந்த அன்பு உயிரை மாய்த்துக்கொள்ளாமல் தடுத்த கையையும் காட்டுகிறார்.

இதற்கு எதிராகக் காரைக்கால் அம்மையாரைச் சொல்லலாம். உடல் தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர் அவர். ஆனால் கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்றுதான் அவர் கேட்டார். பிறர் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று மெலிகிறவர் வேண்டுவது இதற்கு நேர்மாறு. வடக்கிருத்தலையும் சமணரின் சல்லேகனையையும் இங்கே இழுப்பதும் பொருந்தாது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. அது வாழ்வை முடித்துக்கொள்ளும் நோன்பு. திரும்பி வருவதற்கான வழி அல்ல.

சைவ சித்தாந்தம் உடலைச் சிறை என்று வெறுக்கச் சொல்லவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் உயிர் மலம் என்னும் மாசு நீங்கி உய்வதற்காக இறைவன் கொடுத்தவை என்கிறது. கொடுக்கப்பட்ட கருவியைப் பழுதாக்குவது தவம் ஆகாது. புத்தரும் உருவேலாவில் உடலை எலும்பாக்கிய பிறகு, அது வழியல்ல என்று கண்டு உணவு கொண்டார். உடனிருந்த ஐவர் அவர் தவறிவிட்டதாக எண்ணி விலகினார்கள். பிறகு சாரநாத்தில் அவருடைய முதல் போதனையைக் கேட்டவர்கள் அந்த ஐவரே.

வழிபாட்டு நடைமுறை இந்தக் கருத்தைச் சமையலறை வரை கொண்டுவந்திருக்கிறது. ஐப்பசியில் குன்றத்தூர் மலைக்கோயில் முருகனுக்குக் கந்தசஷ்டி விரதம் இருப்பவர்கள் பலவிதம். பால் பழம் மட்டும் எடுப்பவர் உண்டு. ஒருவேளை உண்பவர் உண்டு. முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு என்று மிளகு விரதம் இருப்பவரும் உண்டு. ஆறு நாள் கழிந்து, சூரசம்ஹாரமும் திருக்கல்யாணமும் முடிந்ததும் பாரணை. ஏகாதசியிலோ மறுநாள் துவாதசி திதிக்குள் உண்டாக வேண்டும். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இலையில் இருக்கும். பாகவதத்தில் ஏகாதசி விரதம் இருந்த மன்னன் அம்பரீஷன் விருந்தாளியான துர்வாசர் குளித்து வரும்வரை காத்திருந்தான். துவாதசி கழியப்போகிறது என்றதும் தண்ணீர் பருகிப் பாரணையை முடித்தான். முனிவரின் கோபத்துக்கு ஆளானாலும், நேரத்தில் உண்ணாமல் விடுவது குற்றம் என்று அவன் கருதினான். உண்ணாதிருப்பது எவ்வளவு கடமையோ, உண்பதும் அவ்வளவு கடமை.

பாரணையைப் பதமாகச் செய்ய வேண்டிய காரணம் உடற்கூறிலும் இருக்கிறது. பல நாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் இன்சுலின் திடீரென்று உயர்கிறது. ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. ரத்தத்தில் அவை குறைந்தால் இதயத் துடிப்பு தடம் மாறலாம், உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் வயிறார உண்ட பிறகு இறந்தது இப்படித்தான். தயமின் என்ற பி1 சத்து குறைந்திருந்தால் மூளையும் பாதிக்கப்படும். அதனால்தான் ஐந்து நாளுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. மிக மெலிந்தவர்களுக்கு அதைவிடவும் குறைவாகத் தொடங்குவார்கள்.

மனம் திரும்ப இன்னும் நாளாகும். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 தன்னார்வலர்களுக்கு 24 வாரம் உணவைக் குறைத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி தாராளமாக உணவு கிடைத்தபோது சிலர் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் தவித்தார்கள். பட்டினிக்குப் பின் அளவு தெரியாமல் தின்கிறவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது அநியாயம். அது பட்டினி கிடந்த உடலின் இயல்பு.

திரும்பும் வழி எளிமையானது, பொறுமை கேட்பது. வேளை தவறாமல் சிறுகச் சிறுக உண்ண வேண்டும்: குழைந்த சோறு, மோர், பருப்பு, இட்லி, வேகவைத்த காய். பாலிலும் மோரிலும் பாஸ்பேட் இருப்பதால் வெறும் கஞ்சியைவிட மோர் கலந்த கஞ்சி மேல். எடை சற்று ஏறும். அதில் ஒரு பங்கு உடல் மீட்டுக்கொள்ளும் நீர். அதைக் கண்டு பயந்து மறுபடி பட்டினிக்குப் போகக் கூடாது. பல நாள் ஒன்றும் உண்ணாதவர்களும், மயக்கம், கால் வீக்கம், படபடப்பு உள்ளவர்களும், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் முதல் முழுச் சாப்பாட்டுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.