கை உயர்த்திய தேவாங்கு



மாலைச் செபம் முடிந்ததும் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குடும்பமாகக் கூடிச் சிரிக்கும் வீடுகள் இன்று அநேகம். பூனைக்குட்டி தன் நிழலைக் கண்டு துள்ளுகிறது. குழந்தை தும்மிவிட்டுத் தானே திடுக்கிடுகிறது. அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். யூடியூப் தளத்தில் முதன்முதலாக, 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி, ஏற்றப்பட்ட காணொளியும் மிருகக்காட்சிசாலை யானைகளின் முன் நின்று ஓர் இளைஞர் பேசும் 19 விநாடிக் காட்சிதான்.

இந்தச் சிரிப்பு பாவமா? இல்லை. சின்னஞ்சிறியவற்றைக் கண்டு மனம் இளகுவது இறைவன் நமக்குள் வைத்த குணம். பெரிய தலை, அகன்ற கண்கள், உருண்ட கன்னங்கள் ஆகியவை பேணிக் காக்கும் உணர்வை நம்மில் எழுப்புகின்றன என்று ஒஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எடுத்துக்காட்டினார். பேசத் தெரியாத மழலை, தன் முகத்தாலேயே நம் இரக்கத்தை வேண்டுகிறது. தாம் படைத்தவற்றை நோக்கி, அவை நல்லவை என்று கண்டவர் நம் ஆண்டவர். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்லும் அந்த மகிழ்ச்சியின் ஒரு துளியே நம் சிரிப்பும்.

ஆனால், நாம் காண்பதைச் சரியாகக் காண்கிறோமா?

2009ஆம் ஆண்டில் ஒரு காணொளி உலகெங்கும் பரவியது. தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்குரிய ஒருவகைத் தேவாங்கு அது; நம் நாட்டுத் தேவாங்குக்கு உறவு. ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துகிறது. இன்னும் வேண்டும் என்று கேட்பதாகவே பார்த்தவர்கள் எண்ணினார்கள். உண்மை வேறு. அந்தத் தேவாங்கின் கையின் உட்புறத்தில் ஒரு சுரப்பி உண்டு. ஆபத்து வரும்போது அது கைகளை உயர்த்தி, அந்தச் சுரப்பை உமிழ்நீருடன் கலந்து கடியை நஞ்சாக்குகிறது. சிரிப்பூட்டிய அந்தக் காட்சி, அச்சத்தில் எழுந்த தற்காப்பு!

அக்காணொளிக்கு வந்த கருத்துகளை ஆராய்ந்து விலங்கியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. தமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பலர் எழுதியிருந்தார்கள். இந்த இனத்தைச் சர்வதேச வணிகத்துக்காக நாடுகளிடையே கொண்டுசெல்வது 2007 முதலே தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் கள்ளச் சந்தை ஓயவில்லை. கடிக்காதிருக்க அவற்றின் பற்களை வியாபாரிகள் வெட்டிவிடுகிறார்கள். இரவில் நடமாட வேண்டிய உயிர், பகல் வெளிச்சத்தில் கூசிய கண்களோடு கூண்டில் கிடக்கிறது.

பிரியமானவர்களே, அந்த மக்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் விரும்பினார்கள், ஆனால் விசாரிக்கவில்லை. அன்பும் ஆசையும் பிரியும் இடம் இதுதான். ஆசை, எனக்கு வேண்டும் என்கிறது. அன்போ, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறது. நீதிமான் தன் மிருகத்தின் நிலையையும் அறிந்திருப்பான் என்பது நீதிமொழிகள் நூலின் போதனை. விலை குறைந்த சிட்டுக்குருவியும் பரம பிதாவின் பார்வைக்கு மறைவதில்லை என்று இயேசுநாதர் உரைத்தார்.

மிருகங்களுக்கு மட்டுமா இது? அழும் பிள்ளையைத் தூக்குமுன் படம்பிடிக்கும் வழக்கம் நம்மிடையேயும் வந்துவிட்டது. பயந்து ஏங்கும் பிள்ளையின் முகம் ஊராரின் வேடிக்கையாகலாமா? சிறியோரில் ஒருவரையும் அற்பமாக எண்ணாதிருங்கள் என்ற ஆண்டவரின் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

ஆகவே, இன்றிரவும் குடும்பமாகக் கூடிச் சிரியுங்கள். ஆனால் மற்றவருக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சிற்றுயிரும் நம்மோடு சேர்ந்து மகிழ்கிறதா? ஐயம் எழுந்தால் அனுப்பாதிருங்கள். ஏன் அனுப்பவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அந்தச் சிறு விளக்கமே அவர்களுக்கு அன்றைய ஞானோபதேசமாகும்.

சிறியவற்றையெல்லாம் தம் கண்ணின் மணிபோல் காக்கும் இறைவன், நமக்கும் காணும் கண்களைத் தந்தருள்வாராக. ஆமென்.