பிறர் பேரில் ஆண்டவர்



மன்னர் சிறுபிள்ளையாக இருக்கும்போது அவருக்குப் பதிலாக நாட்டை ஆள்பவரை ரீஜண்ட் என்பார்கள். முடி அவருக்குச் சொந்தமில்லை. பிள்ளை வளரும்வரை அதைக் காத்து வைத்திருக்க வேண்டியவர். அப்படி ஆள்பவர் காலத்தில் அநீதி நடந்தால் அந்தக் கணக்கு யார் பேரில் எழுதப்படும்?

திருவிதாங்கூரில் இது நடந்தது. அய்யாவைச் சிறைவைத்த மன்னர் என்று அன்புக்கொடி மக்கள் அறிந்த சுவாதி திருநாள் 1813-ல் பிறந்தார். முதலில் அவருடைய தாய் கௌரி லட்சுமிபாயும், தாய் இறந்தபின் 1815 முதல் சின்னம்மை கௌரி பார்வதிபாயும் அவர் பேரில் ஆண்டார்கள். பொறுப்பேற்றபோது பார்வதிபாய்க்கு வயது 13 தான். இன்று அந்த வயதுப் பிள்ளையிடம் கடைச்சாவியைக் கொடுக்கவே பெற்றோர் யோசிப்பார்கள். ஆனாலும் 14 வருடம் காத்து, 1829-ல் சுவாதி திருநாளுக்கு 16 வயது நிறைந்ததும் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார். காவலுக்கு நின்றவனே களவாண்ட கதைகள் உலகத்தில் ஏராளம் இருக்க, இது சிறிய காரியமல்ல. அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒப்படைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே 1829 பிப்ரவரி 3-ம் தேதி, அவர் ஆட்சியில் ஒரு விளம்பரம் வெளியானது. சாணார் பெண்கள் மார்பை மறைத்து மேல்துணி போடக்கூடாது என்பது அதன் உத்தரவு. சந்தைக்கும் பனங்காட்டுக்கும் போய்வந்த பெண்கள் தெருவில் துணி கிழிக்கப்பட்டு அழுத காலம் அது.

அவர் இடைக்கால ஆட்சியாளர், பழைய வழக்கத்தில் கை வைக்க அவருக்கு உரிமையில்லை என்று சிலர் வாதிடலாம். வேறு சிலர், திவானும் ரெசிடெண்டும் சொன்னபடி நடந்தார் என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அக்காள் லட்சுமிபாய் 1812-லேயே அடிமை வியாபாரத்தைத் தடுத்து உத்தரவிட்டார். நிலத்தோடு கட்டுண்ட உழவு அடிமைகளை அதில் விட்டுவிட்டார் என்ற குறை உண்டு. பார்வதிபாயும் 1817-ல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தவர்தான். பழைய வழக்கத்தை மாற்ற அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஏழைப் பெண்ணின் மானம் என்று வந்தபோது மட்டும் வழக்கம் பெரிதாகிவிட்டது.

பிள்ளைக்காக ஆண்டவர் பிள்ளைக்குக் கணக்குக் காட்டினார். குடிகளும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள்தானே? சிம்மாசனத்தில் ஒரு கீறல் விழாமல் காத்தவர் அவர்களையும் காத்திருக்க வேண்டும். ஆள்பவருக்கு அது இடைக்காலமாக இருக்கலாம். துணி பறிக்கப்பட்டவளுக்கு அது அவளுடைய முழு வாழ்வு. எளியவரைக் காப்பதைக் கொண்டு தர்மத்தை அளக்கச் சொன்னவர் அய்யா. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் பாராட்டில் பாதி கழிந்துபோகிறது.

சுவாதி திருநாள் ஆட்சியோடு சேர்த்து அந்த உத்தரவையும் பெற்றுக்கொண்டார், நீக்கவில்லை. 1833-ல் அய்யா வைகுண்டராய் வந்து, தலை குனிந்து நின்ற ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னது அந்த மன்னர் காலத்தில்தான். பெண்களுக்கு மேல்துணி அனுமதி 1859-ல்தான் வந்தது. 1829-ல் பிறந்த பெண்பிள்ளைக்கு அப்போது வயது 30. அதுவும் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு.