ஏமாற்றினவனுக்குக் கொடுத்த வாக்கு



ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி இது. தவணையில் தையல் மெஷின் வாங்கினார்கள். பத்து மாதத்தில் கட்டி முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்கள். நாலு தவணை கட்டின பிறகுதான் தெரிந்தது, அது பெயிண்ட் அடித்த பழைய மெஷின். "பிரதர், அவர் பொய் சொல்லித்தானே வித்தார்? மீதியை நான் எதுக்குக் கட்டணும்?"

நியாயமான கேள்விதான். யோசுவா 9ஐ வாசித்துப் பாருங்கள். கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பமும் கிழிந்த துருத்தியும் கொண்டுவந்து, தூர தேசத்தார் போல நடித்தார்கள். (கிபியோன் எருசலேமுக்கு வடமேற்கே இன்றைய எல் ஜிப் கிராமம். 1956ல் தொடங்கிய அகழ்வாய்வில் அந்தப் பேர் பொறித்த ஜாடிக் கைப்பிடிகளே கிடைத்தன.) மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது. ஜனங்கள் முறுமுறுத்தார்கள். ஆனாலும் கர்த்தருடைய நாமத்தில் ஆணையிட்டாயிற்று, இனி அவர்களைத் தொடக்கூடாது என்றார்கள் பிரபுக்கள்.

யோசுவா அவர்களைச் சும்மா விடவில்லை. கூப்பிட்டு முகத்துக்கு முகம் கேட்டார், விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்தார். அதனால் சகோதரியும் கடைக்காரரிடம் நேரே போய்க் கேட்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், வழக்குக்கூட போடலாம். ஆனால் அவர் தவணைக்கு வரும்போது "அம்மா வீட்ல இல்ல"ன்னு பிள்ளையை விட்டுச் சொல்ல வைக்கிறது வேறே காரியம்.

சூரியன் தரித்து நின்ற அற்புதத்தை நாம் எத்தனை கூட்டங்களில் பிரசங்கிக்கிறோம்! அது எந்த யுத்தத்தில் நடந்தது? ஐந்து ராஜாக்கள் கிபியோனைச் சூழ்ந்தபோது, அந்த ஏமாற்றுக்காரரைக் காப்பாற்றத்தான் யோசுவா கில்காலிலிருந்து ராமுழுதும் மலையேறிப் போனார். நானும் வெகுகாலம் இதைக் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன்.

எல்லா வாக்கையும் நிறைவேற்றணும் என்று நான் சொல்லவில்லை. ஏரோது சொன்ன சொல் தவறாமல்தான் யோவானின் தலையை வெட்டுவித்தான். பாவம் செய்ய வாக்குக் கொடுத்தவன் மனந்திரும்பட்டும். ஆனால் நமக்கு நஷ்டம் வருகிறது என்பது மட்டும் பின்வாங்கக் காரணமாகாது. சங்கீதம் 15 சொல்லுகிற மனுஷன் அப்படிப்பட்டவன் அல்ல.

என்னை அதிகம் பயப்படுத்துவது சவுலின் காரியம். அநேக தலைமுறைக்குப் பின் அவன் கிபியோனியரைக் கொன்றான். எதினால்? 2 சாமுவேல் 21ஐப் பாருங்கள், இஸ்ரவேலுக்காக அவனுக்கிருந்த வைராக்கியத்தினால்! தாவீதின் நாளிலே தேசம் மூன்று வருஷம் பஞ்சத்தில் வாடினது அதற்காகத்தான். பக்தி வைராக்கியம் நம்மையும் அப்படிச் செய்ய வைக்கும். கன்வென்ஷன் காணிக்கைக்கு ஐந்நூறு ரூபாய் எடுத்து வைத்துவிட்டு, மளிகைக்கடைக்காரரிடம் "கர்த்தருக்குச் சித்தமானா அடுத்த மாசம்" என்கிறோம். கடனைத் திருப்பிக் கொடுப்பது கர்த்தருக்குச் சித்தமா என்று ஜெபித்து அறிய வேண்டியதில்லை. இந்த ஞாயிறு ஆராதனைக்கு வருமுன் அந்தக் கடைக்குப் போய்வாருங்கள். காணிக்கைப் பெட்டி அடுத்த வாரமும் இங்கேதான் இருக்கும்.