பொன்னும் எஃகும்



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றுத் தார்நாகாவில் கூடியிருக்கும் உங்களுள் இளைஞர் சிலர், பொன்னும் எஃகும் கலந்த பழைய இருநிறக் கைக்கடிகாரத்தின்மீது விருப்பம் கொள்ளுதல் தம்மத்திற்கு மாறானதா என வினவுகின்றனர். வினா சிறிதாயினும் அதன் வேர் ஆழமானது. ஆதலின் இன்று அதனையே ஆராய்வோம்.

முதற்கண் பொருளை உள்ளவாறு காண்போம். ரோலக்ஸ் நிறுவனத்தார் பொன்னையும் எஃகையும் இணைக்கும் தம் முறைக்கு 1933இல் ‘ரோலசோர்’ எனப் பெயர் பதிந்தனர். தேதி காட்டும் ‘டேட்ஜஸ்ட்’ கடிகாரம் 1945இல் வெளிவந்தது. பின்னர் அவ்வகையிலும் இருநிறம் வந்தது. முகப்பைச் சுற்றிய வளையமும், சாவி கொடுக்கும் குமிழும், பட்டையின் நடுக்கண்ணிகளும் பொன். அடியைத் தாங்கும் கூடு எஃகு. உள்ளே சுருள்வில்லின் விசையைப் பற்சக்கரங்கள் கடத்துகின்றன. சிறு சக்கரம் ஒன்று இடமும் வலமும் ஆடி அவ்விசையை அளந்து விடுகிறது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 18,000 துடிப்பு. அஃதாவது நொடிக்கு ஐந்து. அச்சுகள் தேயாதிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்களில் அவற்றை நிறுத்துவர்.

நூற்பாலைக் கதிர்களோடு பல்லாண்டு உழன்றவன் நான். இத்தகைய நுண்தொழிலைக் கண்டு வியவாதிருத்தல் எனக்கு இயலாது. வியப்பு குற்றமன்று. நம் நகரத்துச் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் இசைக்கடிகாரம் மணி அடிப்பதைக் காண மக்கள் திரள்கின்றனர். பதுமை வெளிவந்து மணி அடித்து உட்செல்கிறது. கண்டோர் மகிழ்ந்து வெறுங்கையோடு இல்லம் திரும்புகின்றனர். அம்மகிழ்ச்சியில் பற்று இல்லை.

பின், பற்று எங்குப் பிறக்கிறது? ஜப்பானியச் சீக்கோ நிறுவனம் 1969இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம், லட்சக்கணக்கில் விலைபோகும் பழைய கடிகாரத்தினும் பிழை குறைவாக நேரம் காட்டும். ஆகவே அப்பெரும்பொருளுக்கு நாம் வாங்குவது நேரம் அன்று, பிறர் பார்வை. ‘உயர்ந்தேன், நிகரானேன், தாழ்ந்தேன்’ எனத் தன்னைப் பிறரோடு அளந்து பார்க்கும் இந்நிலையைப் பாலி மொழியில் ‘மானம்’ என்பர். நம் தமிழில் மானம் பெருமை. அங்கு அது தளை.

எனினும், ‘ஏழைக்குப் பொன் எதற்கு?’ என்பாரோடு நான் சேரேன். நம் முன்னோர்க்கு நல்லாடையும் நல்லணியும் மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டதைத் துறவென்று புகழ்தல் வஞ்சகம். பாபாசாகேப் அம்பேத்கர் 1927இல் மகாட்டில், இழிவின் அடையாளமான அணிகளைக் களைந்து தூய்மையாய், நேர்த்தியாய் உடுத்துமாறு நம் பெண்மக்களை வேண்டினார். ஆலைச் சங்கிற்கு அஞ்சி ஓடிய தொழிலாளி, தன் காலத்தைத் தன் மணிக்கட்டிலே காண விழைவதும் இயல்பே.

ஆயின் அளவுகோல் யாது? இல்லறத்தார்க்கு நான்கு இன்பங்கள் உள என்று பகவன் அநாதபிண்டிகருக்கு அருளினார்: அறவழியில் பொருள் ஈட்டல், அதனைத் துய்த்தல், கடன் இன்மை, பழி இன்மை. இவற்றுள் பழியின்மையே தலையாயது. கடிகாரத்தை இந்நான்கிலும் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

இனி நான் கூற விழைவது கசப்பானது. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் என்பது நம் திருமணங்களில் நெடுநாள் வழக்கம். இன்றோ, இன்ன வகை, இன்ன நிறம் எனப் பெயர் சொல்லிக் கேட்கின்றனர். பெண்ணைப் பெற்றவர் வட்டிக்கு வாங்குகிறார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. நமக்கோ அதனினும் பழைய சட்டம் உண்டு. கொடாததைக் கொள்ளேன் என இரண்டாம் சீலம் ஏற்றோம். நெருக்கிப் பெற்றது கொடுக்கப்பட்டது ஆகுமா? சாதியின் பெயரால் நம்மைத் தாழ்த்திய உலகை விட்டு வந்த நாம், மாப்பிள்ளை வீடு என்னும் புதிய மேற்சாதியை அமைப்பதா?

இளைஞர்களே! உம் உழைப்பில், கடனின்றி, இல்லத்தார் பசியாதிருக்க வாங்க இயலுமெனில் அணிந்துகொள்ளுங்கள்; தொலைந்தால் துயில் கெடாத அளவிற்கே அதனை விரும்புங்கள். பிறர் கண்ணீரில் வருவதாயின், மணமேடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வெறும் மணிக்கட்டோடு நிற்கும் அம்மணமகனை இச்சங்கம் எழுந்து நின்று வாழ்த்தும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க! சாது! சாது! சாது!